பாதை திரும்பி வரும்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு மாரிக்கால ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் மண்டூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் மைதானம். மைதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி புல், பாதி சேறு, ஓரத்தில் ஒரு பெரிய மருதமரம், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தைப் படுவான்கரை என்போம், சூரியன் படுகிற கரை. எதிரே கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. இரண்டுக்கும் நடுவில் வாவி. அந்தக் கரையில் இருக்கும் குருமண்வெளித் துறைக்கு வந்து, ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வரும் தட்டையான மிதவையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எங்கள் கரை. அந்த மிதவைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் 'பாதை'. பாதை வந்துவிட்டதா, பாதையில் இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கேட்டே வளர்ந்தவள் நான். அந்தச் சொல்லுக்கு ஊருக்கு வெளியே வேறு அர்த்தம் உண்டு என்பது புத்தகத்தில் படித்ததோடு சரி.

நான் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் முகாமையாளர். பெண் எப்படி அந்தக் கதிரையில் உட்கார்ந்தாள் என்று கேட்பீர்கள். எனக்கு முன்பு என் கணவர்தான் முகாமையாளராக இருந்தார். அவருக்குக் கட்டாரில் வேலை கிடைத்துப் போனதும், கூட்டம் போட்டு "அடுத்து யார்?" என்று கேட்டார்கள். ஒருவரும் முன்வரவில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் கழகத்தை யார் தலையில் தூக்கிவைப்பார்கள்? "அக்காட கடையில கொம்பியூட்டர் இரிக்கி, பதாகையும் அவதான் அடிக்கிறா, அவவே பாக்கட்டும்" என்றான் ஒருவன். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். எனக்கு ஓஃப்சைட் என்றால் என்னவென்றே அப்போது தெரியாது.

பொறுப்பெடுத்த பிறகுதான் நிலவரம் புரிந்தது. மாவட்ட லீக்கின் முதற்பிரிவில் நாங்கள் கடைசி. ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் மாடு மேய்க்க வந்தவர்கள். அந்தப் பருவத்தில் எங்கள் மைதானத்தில் நடக்கவிருந்த ஓர் ஆட்டம் ஏற்கெனவே வெள்ளத்தால் நின்றுபோயிருந்தது. இன்னொரு தடவை சொந்த மைதானத்தில் ஆட்டம் நடத்தத் தவறினால் பிரிவிலிருந்து நீக்கம் என்று லீக் சொல்லிவிட்டது. நீக்கினால் நல்ல விளையாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு கழகமாகப் போய்விடுவார்கள். அத்தோடு எங்கள் கழகத்துக்குப் பூட்டுத்தான்.

அனுசரணைக்காக நான் ஏறி இறங்காத கடை இல்லை. கடைசியில் காத்தான்குடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார்தான் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்துக் கேட்டார். "எல்லாம் சரி புள்ள. ஆக்கள் பாக்க வாறாங்களா? ஆக்கள் பாக்காத சட்டையில என்ட கடைப் பேரப் போட்டு என்ன செய்யிற?"

நியாயமான கேள்வி. "அடுத்த ஆட்டத்துக்கு வந்து நீங்களே பாருங்க, ஹாஜியார்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வந்த பிறகுதான் ஆட்களுக்கு எங்கே போவது என்று யோசித்தேன்.

அந்த அடுத்த ஆட்டம் எழுவான்கரைக் கழகம் ஒன்றுடன். அவர்கள் பட்டியலில் மேலே இருந்தவர்கள். நான் துணிந்து ஒரு வேலை செய்தேன். எங்கள் முகநூல் பக்கத்தில் அவர்களை வம்புக்கு இழுத்தேன். "எழுவான்கரை மணலில் ஓடுகிற தம்பிமாரே, படுவான்கரைச் சேற்றில் காலை வைத்துப் பாருங்கள்!" என்று எழுதி, சேற்றில் புதைந்த ஒற்றைச் சப்பாத்தின் படத்தையும் போட்டேன். அவர்களும் விடவில்லை, பதிலுக்குப் போட்டார்கள். இரண்டு கரையும் அதையே கதைத்தது. பாதையின் இரண்டு பக்கமும் பதாகை கட்டினேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்து வயல் கிராமங்களுக்கெல்லாம் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மைதானத்தைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. மழை விட்டிருந்தது. ஊரே திரண்டிருந்தது. வயல் வேலை முடித்தவர்கள், குழந்தைகளை இடுப்பில் வைத்த பெண்கள், கோயிலுக்கு வந்தவர்கள், பாதை நிறைய வந்திறங்கிய எழுவான்கரைக்காரர்கள். கச்சான் கடலை விற்பவருக்குக் கை ஓயவில்லை. ஹாஜியார் வெள்ளைச் சட்டையில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றார். எதிரணி வந்துவிட்டது. கோட்டு நடுவர்கள் இருவரும் வந்துவிட்டார்கள். லீக்கின் பிரதிநிதி மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரதான நடுவர் மட்டும் வரவில்லை.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். வேலை மாற்றலாகி மட்டக்களப்புக்கு வந்து சில வாரங்கள்தான். முதல்நாள் தொலைபேசியில் வழி கேட்டார். "களுவாஞ்சிக்குடி தாண்டிக் குருமண்வெளிக்கு வந்து, பாதையால வாங்க சேர். அதுதான் கிட்ட" என்றேன். "சரி மிஸ்" என்றார். நடுவரை மைதானத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பது சொந்த மைதானக் கழகத்தின் பொறுப்பு என்பது லீக் விதி. நான் வழி சொல்லிவிட்டேன், அவர் கேட்டுக்கொண்டார், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

எதிரணி வந்து இறங்குவதற்கு முன்பே, ஆட்டத்துக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, அவரிடமிருந்து ஓர் அழைப்பு வந்திருந்தது. பக்கத்தில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"மிஸ், இஞ்சை துறையிலை நிக்கிறன். மண்டூருக்குப் பாதை எங்கை எண்டு கேட்டால், பாதை இப்பத்தான் போயிட்டுது, திரும்பி வரும், மரத்துக்குக் கீழை நில்லுங்கோ எண்டு சொல்லினம். என்னைப் பேயன் எண்டு நினைச்சினமோ?"

எனக்கு அவர் சொன்னதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பாதை போனால் திரும்பி வரத்தானே வேண்டும்?

"ஓம் சேர், சரியாத்தான் சொல்லிருக்காங்க. பாதை போயிட்டு வரும். அங்கேயே நில்லுங்க!"

அத்தோடு இணைப்பு அறுந்தது. அவர் கோபத்தில் வைத்தார் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். அடுத்த பாதையில் வந்துவிடுவார் என்று பிரதிநிதியிடம் தைரியமாகச் சொன்னேன்.

அடுத்த பாதை வந்தது. துறைக்கு ஆளனுப்பினேன். ஆட்கள் இறங்கினார்கள், ஓர் ஆடு இறங்கியது, நடுவர் இறங்கவில்லை. தொலைபேசியில் எடுத்தால் தொடர்புகொள்ள முடியாது என்ற பெண் குரல். மறுபடி எடுத்தேன், மறுபடியும் அவள்தான். ஆட்டம் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பிரதிநிதி என்னைக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் விதி என்றால் விதி என்கிறவர். "அரை மணித்தியாலம் பாப்பம். அதுக்குப் பிறகு எதிரணி பதினொரு பேரும் வந்து வரிசையில நிண்டா, ஆட்டம் அவங்களுக்குப் போகும். உங்கட கழகத்தப் பத்தி நான் மேல அறிவிக்கத்தான் வேணும்" என்றார்.

"கோட்டு நடுவர் ஒருத்தர வச்சு நடத்தலாம்தானே சேர்?"

"இந்த வருசத்துல இருந்து ஏலாது."

கூட்டத்துக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. ஒலிபெருக்கிக்காரர் என்ன சொல்வதென்று தெரியாமல் அனுசரணையாளர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். இல்லாத அனுசரணையாளர்களுக்கு! ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் பொடியன்மார் சீருடையோடு கோல் கம்பத்தடியில் குந்தியிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை. வருடக்கணக்காகத் தோற்றாலும் சேற்றில் வந்து விளையாடியவர்கள். முதல்முறை ஊர் திரண்டு வந்திருக்கிற நாளில், தோற்பதற்குக்கூட வாய்ப்பில்லாமல் போகப்போகிறார்கள்.

அந்த நேரம்தான் எதிரணியின் பயிற்றுவிப்பாளர் என்னிடம் வந்தார். நரைத்த தாடி, கறுத்த ஒல்லியான மனிதர். முகநூலில் நான் வம்பிழுத்த அதே கழகத்தவர். கேலி செய்யத்தான் வருகிறார் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"தங்கச்சி, நடுவர் என்னவாம்?"

"பாதை போயிட்டாம், திரும்பி வரும் எண்டு சொன்னாங்களாம் எண்டு போன் எடுத்தாரு. நில்லுங்க எண்டன். பொறகு ஆளைக் காணல்ல" என்றேன் எரிச்சலோடு.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அவரு எந்த ஊர் ஆள்?"

"யாழ்ப்பாணம்."

அவ்வளவுதான். மனிதர் கையை உதறிக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அவருக்குப் பாதை எண்டா ரோட்டுதானேகா! ரோட்டுப் போயிட்டு, திரும்பி வரும், மரத்தடியில நில்லுங்க எண்டா, அந்த மனுசன் என்ன நினைச்சிருப்பாரு?"

என் வாயால் நானும் அதையே அல்லவா உறுதிப்படுத்தியிருக்கிறேன்!

சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னார்: "நீலக் கெல்மெட் போட்ட ஆள்தான் அவரு. நாங்க வந்த பாதை கரைய விட்டு வெளிக்கிட்ட நேரம், துறையில நிண்டு ஒராள் சத்தம் போட்டவரு. போன்ல கதச்சாரு, பொறகு மோட்டச்சைக்கிளத் திருப்பிக்கிட்டுப் பட்டிருப்புப் பாலத்துப் பக்கம் போயிட்டாரு. நான் பாதையில நிண்டு பாத்துக்கிட்டுத்தான் வந்தன். அவரு ரோட்டால சுத்தி வாறாரு, தங்கச்சி."

இதை அவர் எனக்குச் சொல்லியிருக்கவே வேண்டாம். பேசாமல் இருந்திருந்தால் ஆட்டம் அவர்களுக்கு. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை, ஏனென்றால் பக்கத்தில் நின்ற எங்கள் அணித்தலைவரின் முகம் மாறிவிட்டது. அவர் நெல் செய்கிறவர். அவருடைய வட்டை, அதாவது வயல் நிலம், பாலத்தைத் தாண்டிச் சுற்றி வரும் வெள்ளாவெளி வீதியோரம்தான் இருக்கிறது.

"அந்த ரோட்ட வெள்ளம் மூடிக் கிடக்கு அக்கா. மோட்டச்சைக்கிள் வராது. ரோட்டு ஓரம் எங்க முடியுது எண்டு தெரியாமப் போனா ஆள் வாய்க்காலுக்குள்ளதான்" என்றார்.

இதுவரை கழகம் போகிறதே என்று பயந்தேன். இப்போது ஒரு மனிதரையே வெள்ளத்துக்குள் அனுப்பிவிட்டேனோ என்று பதறினேன். அணித்தலைவர் காத்திருக்கவில்லை. சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்த் தன் உழவு இயந்திரத்தை எடுத்தார். தண்ணீருக்கடியில் அந்த வீதி எங்கே வளைகிறது என்று தெரிந்தவர் அவர்தான். வேறு யாரையும் அனுப்ப முடியாது. அவர் வராவிட்டால் நாங்கள் தலைவர் இல்லாமல்தான் இறங்க வேண்டும்.

உழவு இயந்திரத்தின் சத்தம் தேய்ந்து மறைந்தது. நான் மருதமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மண்டூர் முருகனுக்கு என்னென்ன நேர்ந்தேன் என்று இப்போது கேட்டால் சொல்ல மாட்டேன். சிலதை இன்னும் செய்யவில்லை.

அவகாசம் கரைந்துகொண்டே போனது. பிரதிநிதி எழுந்து நின்று எதிரணியைக் கையசைத்துக் கூப்பிட்டார். அந்தப் பயிற்றுவிப்பாளர் திரும்பித் தன் பொடியன்மாரிடம் ஏதோ சொன்னார். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்து மைதானத்துக்குள் போய் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

சற்று முன் உதவி செய்கிறவர் போல் கதைத்துவிட்டு, நேரம் வந்ததும் புள்ளியை எடுக்க வரிசை கட்டுகிறாரே என்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். வாய்க்கு வெளியே வராமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

பிரதிநிதி விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒராள் குறையுது!"

அப்போதுதான் பார்த்தேன். ஒருவன் மருதமரத்தடியில், எனக்கு நாலு எட்டுத் தள்ளி, நிலத்தில் உட்கார்ந்து சப்பாத்து நூல் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கெதியா வாங்க!"

"இந்தா வாறன் சேர்!"

கட்டினான். எழுந்தான். குனிந்து பார்த்தான். திரும்ப உட்கார்ந்து அவிழ்த்தான். சப்பாத்தைக் கழற்றித் தட்டினான், உள்ளே ஒரு கல் இருந்ததாம். கல்லைத் தேடினான். மற்றச் சப்பாத்திலும் கல் இருக்கும் என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பயிற்றுவிப்பாளர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், மழை வருமா என்று பார்க்கிறவர் போல.

"என்ன இது? நேரம் முடிஞ்சுது!" என்றார் பிரதிநிதி.

"பதினொரு பேரும் வரிசையில நிண்டாத்தானே சேர் எடுக்கலாம்? அவன் இன்னும் வரல்லையே. கெதியாக் கட்டுடா!" என்றார் பயிற்றுவிப்பாளர். அவன் இன்னும் மெதுவாகக் கட்டினான்.

முதலில் எழுவான்கரை ஆட்களுக்குத்தான் விளங்கியது. சிரித்தார்கள். பிறகு எங்கள் ஆட்களுக்கும் விளங்கியது. ஒலிபெருக்கிக்காரர் நடந்த கதையைத் துறையிலிருந்து ஆரம்பித்து ஊருக்கே சொல்லிவிட்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. எத்தனை நேரம்தான் ஒருவன் நூல் கட்ட முடியும்? பிரதிநிதி பேனாவை எடுத்துவிட்டார். அந்தப் பொடியனும் இனிச் செய்ய ஒன்றுமில்லாமல் பயிற்றுவிப்பாளரைப் பார்த்தான்.

அந்த நேரத்தில் கேட்டது உழவு இயந்திரத்தின் சத்தம்.

வயல் பக்கத்து வளைவில் அது தெரிந்ததும் ஒலிபெருக்கியில் ஒரு கத்தல்: "பாதை வந்துட்டு! பாதை வந்துட்டு!" கூட்டம் முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. பின்னால் பெட்டியில் மோட்டார் சைக்கிள் படுத்திருந்தது. சக்கரத்துக்கு மேலிருக்கும் மட்காட்டில் நடுவர் உட்கார்ந்திருந்தார், தலையில் நீலக் கெல்மெட், இடுப்புவரை சேறு. வீதி எது வாய்க்கால் எது என்று தெரியாமல், வெள்ளத்தின் நடுவில் மோட்டார் சைக்கிளைப் பிடித்தபடி அசையாமல் நின்றாராம்.

இறங்கியவர் நேரே என்னிடம் வந்தார். "மிஸ், உங்கடை ஊரிலை பாதை போய் வருமோ?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. அவர் என்ன நினைத்தாரோ, கெல்மெட்டைக் கழற்றி என் கையில் தந்துவிட்டு, "அது கிடக்கட்டும். ஊதுகுழல் நனையேல்லை" என்று மைதானத்துக்குள் நடந்தார். பின்னாலேயே எங்கள் அணித்தலைவர். அதற்குப் பின்னால், நூலை ஒரே இழுப்பில் இறுக்கிக்கொண்டு அந்தப் பொடியன் ஓடினான்.

ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம். ஒரேயொரு கோல். அடித்தவனும் அதே பொடியன்தான், அதே சப்பாத்தால்தான். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் கடைசி ஊதுகுழல் வரை ஒருவரும் மைதானத்தை விட்டு நகரவில்லை. ஹாஜியாரின் வெள்ளைச் சட்டை முழுவதும் சேறு. "தோத்த பொறகும் ஆக்கள் நிக்காங்களே புள்ள. நாளைக்குக் கடைக்கு வாங்க, சட்டையப் பத்திக் கதைப்பம்" என்றார்.

எல்லாரையும் வழியனுப்பத் துறைக்குப் போனேன். நடுவர் முதல் ஆளாகப் பாதையில் ஏறி, காலால் பலகையைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயிற்றுவிப்பாளரை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பேசாமல் இருந்திருந்தால் உங்களுக்குப் புள்ளி வந்திருக்குமே அண்ணன், ஏன் சொன்னீர்கள்?

"சேத்துல காலை வச்சுப் பாருங்க எண்டு எழுதினீங்கதானே? காலை வைக்காம வெண்டுக்கிட்டுப் போனா என்ட பொடியன்மாருக்கு வெக்கமில்லையா?" என்றார். பாதை நகரத் தொடங்கியதும் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "அதோட தங்கச்சி, உங்கட கழகத்தயும் மூடிட்டா இந்தக் கரையில நாங்க யாரோட விளையாடுற?"

எங்கள் கழகம் இன்றும் இருக்கிறது, அதே முதற்பிரிவில், கடைசிக்கு ஒரு படி மேலே. இப்போது வெளியூர்க்காரர் யார் வழி கேட்டாலும் "மிதவைப் படகு" என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஊரார் என்னைக் கேலி செய்கிறார்கள். எதிரணியை வம்புக்கு இழுத்து எழுதுவதை மட்டும் நான் விடவில்லை. ஆனால் அனுப்புகிற பொத்தானை அழுத்தும் முன்பு ஒவ்வொரு முறையும் அந்த மருதமரத்தடி என் கண்ணுக்குள் வந்துபோகும். நான் வம்பிழுத்த அணியிலிருந்து ஒருவன், கட்டிய நூலை வேண்டுமென்றே திரும்பவும் அவிழ்த்துக்கொண்டிருந்தானே, அந்த நூலில்தான் அன்றைக்கு எங்கள் கழகம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது.